பத்தரை ஜிபி இருக்கிறது, படம் மட்டும் வரவில்லை

கேள்வி: எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒரு இலக்கியக் கூட்டம் நடத்துகிறோம். சென்ற மாதம் ஒரு மூத்த பேராசிரியர் சிலப்பதிகாரம் பற்றி ஐம்பது நிமிடம் பேசினார். கேமராவை பேட்டரி இல்லாமல் அடாப்டர் வழியாக நேராகக் கரண்டில் போட்டுப் பதிவு செய்தோம். பேச்சு முடிந்து நாங்கள் பட்டனை அழுத்துவதற்குள் மைக்செட்காரர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பிடுங்கிவிட்டார். கேமரா அணைந்துவிட்டது. கார்டில் 10.5 ஜிபிக்கு ஒரு எம்பி4 ஃபைல் இருக்கிறது, ஆனால் விஎல்சி உட்பட எதிலும் திறக்கவில்லை. கடையில் காட்டினால் "கரப்ட் ஆயிடுச்சு, கார்டை ஃபார்மட் பண்ணிடுங்க" என்கிறார்கள். பெயரின் கடைசியில் ஏவிஐ என்று மாற்றினால் சரியாகிவிடும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள், ஆகவில்லை. இன்னொன்று: முன்வரிசையில் இருந்த நண்பர் அதன்பிறகு நடந்த கேள்வி-பதிலைப் பன்னிரண்டு நிமிடம் ஐஃபோனில் எடுத்திருந்தார். அதை எங்கள் தளத்தில் ஏற்றினோம். அவர் ஃபோனில் அருமையாக ஓடுகிறது. நூலகக் கணினியில் குரல் மட்டும் வருகிறது, படம் கறுப்பு. சிலருக்குக் குரலும் இல்லை. இதுவும் கெட்டுவிட்டதா?

பதில்: கார்டை ஃபார்மட் செய்ய வேண்டாம், ஐயா. மீதிப் பதிலை நாளைக்குப் படித்தாலும் பரவாயில்லை. முதலில் கார்டைக் கேமராவிலிருந்து எடுத்து, அதன் இடது ஓரத்தில் உள்ள குட்டித் தாழ்ப்பாளை 'லாக்' பக்கம் தள்ளி, ஒரு கவரில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். அதில் புதிதாக ஒரு புகைப்படம்கூட எடுக்கக் கூடாது.

உங்கள் இரண்டு ஃபைலுக்கும் ஒரே நோய் என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. நூலகக்காரருக்குச் சொல்ல எளிது: முதல் ஃபைலில் புத்தகங்கள் எல்லாம் அலமாரியில் இருக்கின்றன, பதிவேடுதான் இல்லை. இரண்டாவதில் பதிவேடும் இருக்கிறது, புத்தகங்களும் இருக்கின்றன. வாசிக்க வந்தவருக்கு அந்த மொழி தெரியாது. முதலாவதை ரிப்பேர் செய்ய வேண்டும். இரண்டாவதில் ரிப்பேர் செய்ய எதுவுமே இல்லை, மொழியை மாற்றினால் போதும். இதைப் பிரித்துப் பார்க்காமல் கண்ணில் பட்ட மென்பொருளையெல்லாம் இறக்கி ஓடவிடுவதில்தான் நல்ல ஃபைல்களும் வீணாகின்றன.

முதல் ஃபைலை எடுத்துக்கொள்வோம். எம்பி4 என்பது பெட்டிகளை வரிசையாக அடுக்கிய ஒரு கட்டு. ஒவ்வொரு பெட்டியும் தன் நீளத்தை நாலு பைட்டிலும் தன் பெயரை நாலு எழுத்திலும் சொல்லிவிட்டுத் தொடங்கும். முதலில் வருவது 'எஃப்டைப்', இது என்ன வகை ஃபைல் என்று அறிவிக்கும் சிறு பெட்டி. அடுத்து 'எம்டாட்', படமும் ஒலியும் மாறிமாறிக் கொட்டப்பட்ட பெரிய மூட்டை. மூன்றாவது 'மூவ்'. எந்த ஃபிரேம் எந்த பைட்டில் தொடங்குகிறது, அதன் நீளம் என்ன, எத்தனை மில்லி விநாடி திரையில் நிற்க வேண்டும், ஒலித் துண்டுகள் எங்கே கிடக்கின்றன, படத்தைப் பிரித்துப் படிக்க எந்த அமைப்பு என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். கேமரா பதிவு செய்யும்போது எம்டாட்டை எழுதிக்கொண்டே போகிறது. மூவில் எழுத வேண்டிய கணக்கைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, நீங்கள் நிறுத்தும் பட்டனை அழுத்தியதும் கடைசியில் மொத்தமாக எழுதும். கரண்டு போனதும் அந்தக் கணக்கு ஆவியாகிவிட்டது. எஃப்எஃப்எம்பெக் என்ற கருவியில் இந்த ஃபைலைக் கொடுத்தால் மூவ் பெட்டி கிடைக்கவில்லை என்று ஒரே வரியில் சொல்லிவிடும்.

படம் உள்ளே இருக்கிறது என்று எப்படி நம்புவது? கணக்குப் போட்டுப் பாருங்கள். முழு எச்டி பதிவுக்கு விநாடிக்கு 28 மெகாபிட் என்று அமைப்பு வைத்திருந்தால், எட்டால் வகுக்க விநாடிக்கு 3.5 எம்பி. ஐம்பது நிமிடம் என்பது 3000 விநாடி. பெருக்கினால் 10,500 எம்பி, உங்கள் பத்தரை ஜிபி. உங்கள் கேமராவின் மெனுவில் பிட்ரேட் வேறாக இருந்தால் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். நீளத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். (ஃபைல் அளவு பூஜ்யம் என்று காட்டியிருந்தால் கதை வேறு. அப்போது தகவல் கார்டில் எழுதப்பட்டிருக்கும், ஆனால் அடைவில் அளவைக் குறிக்கும்முன் கரண்டு போயிருக்கும். அதற்கு ஃபோட்டோரெக் போன்ற மீட்புக் கருவி வேண்டும்.)

அளவு மட்டும் போதாது, கண்ணாலும் பாருங்கள். இலவச ஹெக்ஸ் எடிட்டர் எதிலாவது, உதாரணமாக எச்எக்ஸ்டியில், ஃபைலின் நகலைத் திறங்கள். முதல் வரியில் 00 00 00 20 என்பது போல நாலு எண், அடுத்து 66 74 79 70 என்று நாலு எண் இருக்கும். பின்னாலுள்ள நாலும்தான் எஃப்டைப்பின் எழுத்துகள். முன்னாலுள்ள 20 பதினாறை அடியாகக் கொண்ட (ஹெக்ஸ்) எண், நம் கணக்கில் 32. முதல் பெட்டியின் நீளம் 32 பைட் என்று அர்த்தம். கொஞ்சம் கீழே, வலப்பக்க எழுத்துப் பத்தியில் எம்டாட்டின் பெயர் தெரியும். அதற்கு முன்னாலுள்ள நீள எண் பல கேமராக்களில் பூஜ்யமாகவே நிற்கும், ஏனென்றால் அதையும் கடைசியில்தான் நிரப்புவார்கள். இப்போது ஃபைலின் நடுப்பகுதிக்குப் போங்கள். எண்கள் தாறுமாறாகக் கலைந்து கிடந்தால் மகிழ்ச்சி, அதுதான் சுருக்கப்பட்ட படம். பக்கம் பக்கமாக 00 மட்டுமே வந்தால் அங்கே எதுவும் எழுதப்படவில்லை. எந்த மென்பொருளாலும் அதை வரவழைக்க முடியாது. இதை முதல் ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொண்டால் பணமும் நேரமும் மிச்சம்.

ஏவிஐ என்று பெயர் மாற்றும் வைத்தியம் ஏன் பலிக்கவில்லை என்று இப்போது புரிந்திருக்கும். விஎல்சியில் உடைந்த ஏவிஐ ஃபைலின் அட்டவணையைச் சரிசெய்யும் வசதி உண்மையிலேயே உண்டு. அது ஏவிஐக்கு மட்டும். எம்பி4-இன் பெயரை மாற்றினால் உள்ளே இருக்கும் பெட்டிகள் மாறிவிடாது. பலகையில் தட்டச்சு நிலையம் என்று எழுதிவிட்டால் டீக்கடையில் தட்டச்சு சொல்லிக்கொடுப்பார்களா?

இனி வேலை. கணினியில் ஏறக்குறைய 90 ஜிபி காலியிடம் வேண்டும்: உங்கள் கார்டு 64 ஜிபி என்றால் அதன் முழுப் பிம்பத்துக்கு 64, ஃபைல் நகலுக்குப் பத்தரை, ரிப்பேர் ஆகி வெளிவரும் ஃபைலுக்கு இன்னொரு பத்தரை. பிம்பம் என்றால் கார்டில் உள்ளதை முதல் பைட் முதல் கடைசி பைட் வரை ஒரே ஃபைலாக எடுப்பது. விண்டோஸில் வின்32 டிஸ்க் இமேஜர் போதும். கார்டின் எழுத்தைத் தேர்ந்தெடுத்து, சேமிக்கும் பெயரைக் கொடுத்து 'ரீட்' பட்டனை அழுத்துங்கள். பக்கத்திலேயே 'ரைட்' என்று ஒரு பட்டன் உண்டு. அதில் கை பட்டால் கார்டின் மேலேயே எழுதிவிடும். தாழ்ப்பாளைத் தள்ளச் சொன்னதன் காரணங்களில் அதுவும் ஒன்று. கார்டைச் செருகியதும் 'ஃபார்மட் செய்யவா' என்று விண்டோஸ் கேட்டால் 'கேன்சல்'. கார்டே படிக்கத் திணறினால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ நல்லது. படிக்க முடியாத இடத்தைத் தாண்டி மற்றதை முதலில் எடுத்துக்கொண்டு, பிறகு திரும்பி வந்து முயலும்.

பிம்பம் கைக்கு வந்த பிறகு, தாழ்ப்பாளை விடுவித்து, முழுச் சார்ஜ் ஏறிய பேட்டரியோடு அதே கேமராவில் கார்டைப் போட்டு ஒருமுறை ஆன் செய்யுங்கள். கோப்ரோ, டிஜேஐ, சோனி போன்றவற்றின் பல மாடல்கள் பாதியில் நின்ற பதிவைத் தாங்களே அடையாளம் கண்டு 'சரிசெய்யவா' என்று கேட்கும் அல்லது கேட்காமலே செய்துவிடும். தன் எழுத்து தனக்குத்தான் நன்றாகத் தெரியும் என்பதால், கேமரா செய்யும் ரிப்பேரே பெரும்பாலும் நன்றாக அமையும். உங்கள் கேமரா ஒன்றும் கேட்கவில்லை என்றால் அணைத்துவிடுங்கள், பட்டன்களை நோண்ட வேண்டாம்.

அடுத்த கருவி அன்ட்ரங்க். இலவசம், திறமூலம், விண்டோஸில் ஜன்னலோடு வரும் பதிப்பும் கிடைக்கிறது. இது கேட்பது இரண்டே ஃபைல்: உடைந்தது ஒன்று, அதே கேமராவில் அதே அமைப்பில் எடுத்த நல்லது ஒன்று. நல்லது எதற்கு? எம்டாட் மூட்டைக்குள் படத்துண்டு எங்கே முடிகிறது, ஒலி எங்கே தொடங்குகிறது என்பதற்கு வெளிப்படையான எல்லைக்கோடு கிடையாது. படத்துண்டு ஒவ்வொன்றும் தன் நீளத்தைத் தலையில் சுமந்திருக்கும், அதனால் அதை ஓரளவு பின்தொடரலாம். எம்பி4-க்குள் ஏஏசி என்ற முறையில் சுருக்கப்பட்டிருக்கும் ஒலிக்கு அந்தத் தலைப்பும் இல்லை. மேலும், எச்.264 என்ற முறையில் சுருக்கப்பட்ட படத்தைப் பிரிக்க வேண்டிய அடிப்படை அமைப்பும் தொலைந்துபோன மூவில்தான் இருந்தது. நல்ல ஃபைலிலிருந்து அந்த அமைப்பை இரவல் வாங்கி, உங்கள் கேமரா படத்தையும் ஒலியையும் எந்த ஜதியில் மாற்றி மாற்றி எழுதும் என்பதைக் கற்றுக்கொண்டு, மூட்டையைத் தொடக்கத்திலிருந்து துழாவி, புதுப் பதிவேடு ஒன்றைக் கருவி எழுதுகிறது. காசு வாங்கும் மென்பொருள்கள் பலவும் செய்வது இதே வேலைதான்.

ஆகவே வெற்றி அந்த நல்ல ஃபைலில் இருக்கிறது. முந்தைய மாதக் கூட்டத்தின் பதிவு, அமைப்பை மாற்றாமல் எடுத்தது இருந்தால் அதுவே உத்தமம். இல்லையென்றால் வேறொரு கார்டைப் போட்டு ஐந்து நிமிடம் எடுங்கள். அதே ரெசல்யூஷன், அதே ஃபிரேம் எண்ணிக்கை, அதே பிட்ரேட், மைக் இணைப்பும் அதே. சுவரைப் பார்த்து எடுக்காமல், ஆள் நடமாட்டமும் பேச்சும் இருக்கும்படி எடுங்கள். அன்ட்ரங்கில் முதலில் நல்லது, இரண்டாவது உடைந்தது என்ற வரிசையில் கொடுத்து ரிப்பேர் பட்டனை அழுத்தினால், உடைந்த ஃபைல் இருக்கும் ஃபோல்டரிலேயே பெயரின் பின்னால் 'ஃபிக்ஸ்டு' என்று ஒட்டி ஒரு புது ஃபைல் வரும். மூலத்தைத் தொடாது. இருந்தாலும் கார்டிலிருந்து நேராகக் கொடுக்காமல் நகலைக் கொடுங்கள்.

வந்த ஃபைல் திறக்கிறது என்று சந்தோஷப்பட்டு அங்கேயே நிறுத்திவிட வேண்டாம். தொடக்கம், பத்தாவது நிமிடம், முப்பதாவது, கடைசி என்று நாலு இடத்தில் உதட்டசைவையும் குரலையும் ஒப்பிடுங்கள். இங்கேதான் கோளாறுகள் தலைகாட்டும், ஒவ்வொன்றுக்கும் தனி முகம். படம் இரட்டை வேகத்தில் ஓடினாலோ ஆமை வேகத்தில் நகர்ந்தாலோ நல்ல ஃபைல் 25 ஃபிரேமும் உடைந்தது 50 ஃபிரேமுமாக (அல்லது மறுபக்கமாக) இருந்திருக்கிறது. சரியான அமைப்பில் மறுபடி எடுத்து மறுபடி ஓட்டுங்கள். ஐம்பது நிமிடப் பேச்சின் ஒலி மட்டும் சுமார் 46 நிமிடத்திலேயே முடிந்துவிட்டால், அல்லது 54 நிமிடத்தைத் தாண்டி நீண்டால், 44.1 கிலோஹெர்ட்ஸுக்கும் 48-க்கும் இடையில் குழப்பம். அந்த இரண்டின் விகிதம் அப்படியே நேரத்தில் தெரியும். குரல் எல்லா இடத்திலும் ஒரே அளவு முன்பின்னாக இருந்தால் அது சின்ன விஷயம்: விஎல்சியில் ஓடவிட்டு ஜே, கே விசைகளைத் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒலி 50 மில்லி விநாடி நகரும். கைதட்டல் வரும் இடத்தில் வைத்து, கைகள் மோதும் ஃபிரேமும் சத்தமும் பொருந்தும்வரை தட்டி, எத்தனை தட்டு என்று எண்ணிக்கொண்டால், எடிட்டிங்கில் ஒலியை எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பது கையில் கிடைத்துவிடும். விஎல்சியில் செய்த நகர்த்தல் ஃபைலில் சேமிக்கப்படாது, அளந்து பார்க்க மட்டும்தான்.

நடுவில் ஓரிடத்தில் படம் சாம்பல் நிறமாகக் கரைந்து, ஓரிரு விநாடியில் தெளிந்தால் பயப்பட வேண்டாம். வீடியோவில் எல்லா ஃபிரேமும் முழுப் படமல்ல. கீஃபிரேம் என்ற முழுப் படம் அவ்வப்போது வரும், இடையில் உள்ளவை முந்தையதிலிருந்து என்ன மாறியது என்று மட்டும் சொல்லும். ஒரு துண்டு சேதமானால் அடுத்த கீஃபிரேம் வரை அழுக்கு தொடரும். அதைச் சுத்தமாக்க வழியில்லை, அந்த இடத்தில் மேடைப் புகைப்படம் ஒன்றை வைத்து மூடிவிடலாம். கடைசி ஓரிரு விநாடியும் போயிருக்கும், கேமராவின் நினைவகத்தில் இருந்தது கார்டுக்கு வந்தே சேரவில்லை. நன்றியுரையின் வாலாகத்தான் இருக்கும், விட்டுவிடலாம்.

அன்ட்ரங்க் கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டால், தெரியாத பகுதிகளைத் தாண்டிப் போகச் சொல்லும் விருப்பம் அதில் உண்டு, அதோடு இன்னொருமுறை ஓட்டுங்கள். அதிலும் ஒலி சீர்படவில்லை என்றால், பேராசிரியரின் பேச்சை யாராவது ஃபோனில் குரலாக மட்டும் பதிந்தார்களா, மைக்செட்டின் மிக்ஸரில் பென்டிரைவ் செருகியிருந்தார்களா என்று விசாரியுங்கள். படத்தை மட்டும் மீட்டு, அந்தக் குரலை ஒட்டிவிடலாம். சொற்பொழிவுக்குக் குரல்தான் உயிர், படம் துணைக்கு.

காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. முழு நீளத்துக்கும் முன்னோட்டம் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். முதல் பத்து விநாடியைக் காட்டிவிட்டுப் பணம் கேட்பவை உண்டு. முதல் பத்து விநாடி எப்போதும் நன்றாகத்தான் வரும். பத்தரை ஜிபியை முன்பின் தெரியாத ஆன்லைன் சேவைக்கு ஏற்றும் யோசனையை நான் ஆதரிக்க மாட்டேன்.

இப்போது ஐஃபோன் ஃபைல். கெடவில்லை. 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 தொடங்கி, ஐஃபோன் 7-க்கும் அதற்குப் பின் வந்தவற்றுக்கும் ஹெச்இவிசி என்ற கோடெக்கில் (படத்தையோ ஒலியையோ சுருக்கி எழுதும் முறைதான் கோடெக்) பதிவு செய்வதே இயல்பு அமைப்பு. எச்.265 என்றாலும் இதுதான். பழைய எச்.264-ஐவிடப் பாதி இடத்தில் அதே தரம் தரும் என்பது அதன் பெருமை. உரிமக் கட்டணச் சிக்கல் அதன் சிறுமை, பிரவுசர்கள் அதை ஏற்கத் தயங்கியதற்குப் பெரிய காரணம் அதுதான். சஃபாரி 2017-லேயே ஏற்றது. குரோம் 2022 அக்டோபரில் வந்த 107-ஆம் பதிப்பில் ஏற்றது, அதுவும் கணினியின் சில்லிலேயே அதைப் பிரிக்கும் வசதி இருந்தால் மட்டும். ஃபயர்ஃபாக்ஸ் விண்டோஸில் 2025 ஜனவரியின் 134-ஆம் பதிப்பில்தான் வழிக்கு வந்தது. எட்ஜுக்கு மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் சிறு கட்டணத்தில் கிடைக்கும் ஹெச்இவிசி நீட்டிப்பும் தேவைப்படும்.

நூலகக் கணினி இன்டெல் நாலாம் தலைமுறை என்று வைத்துக்கொள்வோம். 2015-இல் வந்த ஆறாம் தலைமுறையில்தான் ஹெச்இவிசியைச் சில்லிலேயே பிரிக்கும் வசதி முழுமையாக வந்தது. உங்கள் நண்பரின் ஃபோன் ஐஃபோன் 12-ஓ அதற்குப் பிந்தையதோ என்றால் எச்டிஆர் (வெளிச்சத்தையும் நிழலையும் கூடுதல் விரிவோடு பதியும் வசதி) ஆன் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். அது 10 பிட் படம், அதற்கு ஏழாம் தலைமுறை வேண்டும். ஆகவே குரோமை எத்தனை முறை புதுப்பித்தாலும் பழைய கணினியில் அந்தப் படம் வராது. குரல் மட்டும் ஏன் வந்தது? ஒலி ஏஏசி, அது எல்லா பிரவுசருக்கும் தெரியும். தெரிந்ததை ஓட்டிவிட்டுத் தெரியாததைக் கறுப்பாக விட்டது. அதே கணினியில் விஎல்சி படத்தைக் காட்டும், ஏனென்றால் அது தன் கோடெக்குகளைத் தானே சுமந்து வருகிறது. விஎல்சியில் ஓடினால் பிரவுசரிலும் ஓடும் என்று நம்பி ஏற்றிவிடுவது எல்லோரும் செய்யும் தவறு.

இதே நோயின் தலைகீழ் வடிவம், படம் வந்து குரல் வராமல் இருப்பது. பழைய ஏவிசிஎச்டி ஹேண்டிகேம் பதிவுகளில் ஒலி ஏசி-3 ஆக இருக்கும். குரோமுக்கும் ஃபயர்ஃபாக்ஸுக்கும் அது ஆகாது. எந்த ஃபைலாக இருந்தாலும் மீடியாஇன்ஃபோ என்ற இலவசக் கருவியில் இழுத்துப் போட்டால் வீடியோ என்ன கோடெக், எத்தனை பிட், ஒலி என்ன என்று அரை நிமிடத்தில் சொல்லிவிடும். தளத்தில் ஏற்றும்முன் அதைப் பார்க்கும் பழக்கம் இருந்தால் பாதிப் புகார்கள் வராது.

பிரவுசரிடமே 'இதை ஓட்டுவாயா' என்று கேட்கும் ஒரு நிரல் கட்டளையும் உண்டு. அதற்கு வரும் பதில்கள் மூன்றே: 'அநேகமாக', 'இருக்கலாம்', அல்லது மௌனம். 'முடியும்' என்ற பதிலே கிடையாது! கல்யாணத் தரகரிடம் பேசுவது போல இருக்கும். அதனால் அதை நம்பி ஆளுக்கொரு வடிவம் தயாரிப்பதைவிட, எங்கும் ஓடும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுவது உங்களைப் போன்ற சிறு தளத்துக்கு நல்லது: எம்பி4 பெட்டி, எச்.264 படம், 8 பிட், 4:2:0 நிறம், ஏஏசி ஒலி. ஏவி1, விபி9 என்ற மற்ற கோடெக்குகளும் நல்லவைதான். ஆனால் ஆப்பிள் கருவிகளில் ஏவி1 ஓட ஐஃபோன் 15 ப்ரோ போன்ற புதிய சில்லு தேவை. உங்கள் வாசகர்கள் கையில் இருப்பது பழைய ஃபோன்.

மாற்றுவதற்கு ஹேண்ட்பிரேக் போதும். ஃபோனிலிருந்து மூல ஃபைலைக் கேபிளில் எடுங்கள். வாட்ஸப்பில் வாங்குவதானால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், வீடியோவாக அனுப்பினால் நசுக்கிவிடும். ஹேண்ட்பிரேக்கில் திறந்து 'ஃபாஸ்ட் 720பி30' முன்னமைப்பைத் தேர்ந்தெடுங்கள். வடிவம் எம்பி4. 'வெப் ஆப்டிமைஸ்டு' என்ற கட்டத்தில் டிக் அவசியம். வீடியோ கோடெக் எச்.264, பெயரில் 10 பிட் என்று வராத பதிப்பு. தரம் ஆர்எஃப் 22. ஃபிரேம் ரேட் மூலத்தில் உள்ளபடியே. ஒலி ஏஏசி, 128 கிலோபிட். முதலில் இரண்டு நிமிடத்தை மட்டும் மாற்றி, முகத்தின் நிறம் வெளிறியிருக்கிறதா பாருங்கள். எச்டிஆர் படத்தைச் சாதாரணமாக மாற்றும்போது நிறம் மங்கிப்போவது வழக்கமான தொல்லை. அப்படி ஆனால் ஐஃபோனிலேயே ஒரு எடிட்டிங் செயலியில் எச்டிஆரை நீக்கி ஏற்றுமதி செய்துகொண்டு வருவது சுலபம். பெயரில் 'எம்ஓவி'யை 'எம்பி4' ஆக்கினால் போதாதா என்று கேட்பீர்கள். குடும்பம் ஒன்றுதான், எம்பி4-இன் பெட்டி அமைப்பே குயிக்டைமிலிருந்து வந்தது. ஆனால் உள்ளே ஹெச்இவிசி ஹெச்இவிசியாகவேதான் இருக்கும்.

ரிப்பேர் ஆன ஐம்பது நிமிடப் பேச்சையும் இதே அமைப்பில் சுருக்கிவிடுங்கள். முக்காலியில் அசையாமல் நின்ற கேமரா, ஒரே பேச்சாளர் என்றால் 720-இல் விநாடிக்கு ஒரு மெகாபிட் அளவிலேயே நன்றாக இருக்கும். 3000 விநாடிக்கு 375 எம்பி, ஒலியோடு நானூற்றுச் சொச்சம். மொபைல் டேட்டாவில் பார்ப்பவர் உங்களை வாழ்த்துவார். பத்தரை ஜிபியை அப்படியே தளத்தில் ஏற்றும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். அதை வெளி ஹார்ட் டிஸ்க்கில் மூலமாகப் பாதுகாத்தால் போதும்.

'வெப் ஆப்டிமைஸ்டு' டிக் எதற்கு என்றால், மறுபடியும் அதே மூவ் பெட்டி. வழக்கமாக ஃபைலின் கடைசியில் இருக்கும் அதை இந்த டிக் முன்னால் கொண்டுவந்து வைக்கிறது. பிரவுசர் முதல் சில எம்பியிலேயே பதிவேட்டைப் பெற்று உடனே ஓடத் தொடங்கும். கடைசியில் இருந்தால் சர்வரிடம் வால்பகுதியைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். சர்வர் அப்படித் துண்டாகக் கொடுக்காத வகை என்றால் முழு ஃபைலும் இறங்கும்வரை வட்டம் சுற்றும். சஃபாரி இதில் கறார்: துண்டாகத் தராத சர்வரிலிருந்து வீடியோவை ஓட்டவே ஓட்டாது. சோதிக்க, குரோமில் எஃப்12 அழுத்தி, 'நெட்வொர்க்' பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு வீடியோவை முப்பதாவது நிமிடத்துக்கு இழுங்கள். வீடியோ வரிக்கு எதிரே 206 என்று வந்தால் சரி. 200 என்று வந்து, இழுத்த இடத்திலிருந்து தொடக்கத்துக்கே தாவினால், ஃபைலை ஏதோ ஒரு நிரல் இடையில் நின்று மொத்தமாக ஊற்றுகிறது; தளம் நடத்துபவரிடம் ஃபைலை நேரடியாக வழங்கச் சொல்லுங்கள்.

'சிலருக்குக் குரலும் இல்லை' என்றீர்களே, அதற்கு இன்னொரு காரணமும் இருக்கக்கூடும். பக்கத்தில் வீடியோவின் வகை 'குயிக்டைம்' என்று எழுதப்பட்டிருந்தால், சில பிரவுசர்கள் ஃபைலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஆதரவில்லை என்று சொல்லிவிடும். புது எம்பி4-ஐ ஏற்றியதும் வகையையும் எம்பி4 என்று மாற்றுங்கள். முன்ஏற்றத்தை 'மெட்டாடேட்டா' என்று வைத்தால், பக்கத்தைத் திறந்தவுடன் வீடியோ முழுவதையும் இழுக்காது. ஐஃபோனில் பக்கத்துக்குள்ளேயே ஓட 'ப்ளேஸ்இன்லைன்' என்ற சொல்லையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

நண்பர் அடுத்த கூட்டத்துக்கும் ஐஃபோனில் எடுப்பதானால், செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று வைத்துவிட்டால் 1080-இல் எச்.264 ஆகவே பதியும். இந்த மாற்று வேலையே மிச்சம்.

கேமராவுக்கு: அடாப்டரோடு பேட்டரியும் உள்ளே இருக்க இடம் தரும் மாடல் என்றால் இரண்டையும் போடுங்கள். போலி பேட்டரி வழியாகக் கரண்டு எடுக்கும் வகை என்றால், மோடத்துக்கு வைக்கும் சிறு யூபிஎஸ் தாங்குமா என்று அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியரைப் பார்த்து வாங்குங்கள். பேச்சாளர் தண்ணீர் குடிக்க நிற்கும்போது ஒருமுறை நிறுத்தித் தொடங்கினால், என்ன நடந்தாலும் கடைசித் துண்டுதான் ஆபத்தில் இருக்கும். மடிக்கணினியில் ஓபிஎஸ் என்ற இலவசப் பதிவு மென்பொருள் வழியாகப் பதிவதானால் எம்கேவி வடிவத்தில் பதியுங்கள். கரண்டு போனாலும் போன இடம்வரை ஓடும், பிறகு அதிலேயே உள்ள 'ரீமக்ஸ்' வசதியால் எம்பி4 ஆக்கலாம். 2024-இல் வந்த 30.2 பதிப்பிலிருந்து 'ஹைப்ரிட் எம்பி4' என்ற வகையும் இருக்கிறது, அதுவும் பாதியில் நின்றால் தாங்கும்.

மைக்செட்காரரின் பாக்ஸிலிருந்து கேமராவுக்கு ஒயர் எடுக்காதீர்கள், சுவரில் தனி ப்ளக் பாயின்ட் பிடியுங்கள். கார்டையும் அதன் பிம்பத்தையும், ரிப்பேர் ஆன பேச்சை ஒருவர் முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து கேட்டு 'சரி' என்று சொன்ன பிறகே அழியுங்கள்.